தனியாகப் படிக்க வேண்டாம்: அரியரும் சாதியும்

(அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி ஆவடிப் பகுதியில் உள்ள ஒரு படிப்பகத்தில், கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



முன்வரிசையில் இருக்கும் அம்மாக்களுக்கு முதலில் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். இன்று நான் அரியர் பற்றித்தான் பேசப்போகிறேன். அரியர் என்றால் பாக்கி. பருவத் தேர்வில் ஒரு பாடத்தில் தேறவில்லை என்றால் அது பாக்கியாக நிற்கும். அடுத்த பருவத்தில் புதுப் பாடங்களோடு அதையும் சேர்த்து எழுத வேண்டும், அதற்குத் தனியாகப் பணமும் கட்ட வேண்டும். கந்துவட்டி மாதிரிதான். உங்கள் பிள்ளைகள் வீட்டில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். “பரீட்சை எப்படிப்பா எழுதின?” என்று கேட்டால் “நல்லா எழுதிருக்கேன்மா” என்பதோடு முடிந்திருக்கும். பின்வரிசையில் தலை குனிகிற தம்பிகளைப் பார்க்கிறேன். பயப்படாதீர்கள், யார் பெயரையும் சொல்லப்போவதில்லை.

அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் அரியர் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஏற்பாடு செய்த தோழர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்விதான். இப்படிப்பட்ட கூட்டங்களில் நாம் இட ஒதுக்கீடு பற்றிப் பேசுவோம், நீட் பற்றிப் பேசுவோம். அதாவது வாசல் பற்றிப் பேசுவோம். வாசலுக்காக இந்த மாநிலத்தில் நீண்ட போராட்டம் நடந்தது, பலனும் கிடைத்தது. 69 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சுயநிதிக் கல்லூரியில் கட்டணம் இல்லாமல் படிக்க வழிசெய்த 92ஆம் எண் அரசாணை 2012இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. உயர்கல்வி வயதில் இருப்பவர்களில் 47 விழுக்காட்டினர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள் என்று 2021-22 அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரி 28 விழுக்காட்டைச் சுற்றித்தான்.

சரி, உள்ளே போய்விட்டான். முதல் பருவம் முடிந்ததும் அவனுக்கு என்ன ஆகிறது? இங்கேதான் நம் இயக்கத்தின் குரல் தேய்ந்துவிடுகிறது.

ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி பொறியியல் முதல் பருவத்தில் ‘மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ்’ என்று ஒரு தாள் உண்டு. மாணவர்கள் எம்-1 என்பார்கள். தமிழ்வழியில் பிளஸ் டூ படித்த ஒரு பையனுக்கு அணி தெரியும், அணிக்கோவை தெரியும், வகையிடல் தெரியும், தொகையிடல் தெரியும். பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருப்பான். கல்லூரியில் முதல் வாரம் கரும்பலகையில் ஐகன் வேல்யூ ஓடுகிறது. பார்ஷியல் டிஃபரன்ஷியேஷன் என்ற பெயர் வருகிறது. அது தனக்குத் தெரிந்த பகுதி வகையிடல்தான் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. எட்டெழுத்துத் தமிழ்ச் சொல்லுக்கு மறுபக்கம் என்ன என்று ஒருவர் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் போதும், அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். சொல்ல ஆளில்லை. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் எழுந்து கேட்கவும் அவனுக்கு வாய் வராது. கேட்டால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். கேட்டதும் திரும்பிப் பார்க்கும் முகங்கள் வேறு இருக்கின்றன.

எம்-1 நின்றுவிட்டால் அடுத்த பருவத்தில் அதோடு எம்-2 வருகிறது. பிறகு எம்-1ஐ நம்பி நடத்தப்படும் துறைப் பாடங்கள் வருகின்றன. ஒரு பாக்கி மூன்றாகிறது, மூன்று ஏழாகிறது. வேலைக்கு ஆளெடுக்க வரும் நிறுவனங்களில் பல முதல் நிபந்தனையாகவே நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்கின்றன. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்காவைத் திறந்தார்கள். நம் தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. அதன் லிஃப்டுக்குள் ஏற நம் பிள்ளைக்கு எது தடை என்று கேட்டால், முதல் வருடம் நின்றுபோன அந்த ஒரு தாள்தான் என்று பல வீடுகளில் பதில் வரும்.

இந்த ஊரின் பழைய கதையும் இதில் இருக்கிறது. கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் ஆவடிக்கு வந்தபோது, ஐடிஐ படித்த நம் தாத்தா, அப்பா தலைமுறைக்கு இட ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ் வீடு, ஓய்வூதியம் என்று ஒரு தலைமுறை நிமிர்ந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்து இன்னும் பலருக்குச் சோறு போட்டது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை நிறுவனங்களாகப் பிரித்துவிட்டார்கள். தொழிற்பேட்டையில் இன்று பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். அப்பாவுக்கு ஐடிஐ செய்ததை மகளுக்குப் பட்டம் செய்ய வேண்டும். அந்தப் பட்டம் பாக்கியில் நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்று கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டால் ஆயத்தப் பதில் இருக்கிறது. ஆர்வம் இல்லை, அடிப்படை சரியில்லை, வீட்டில் கவனிப்பதில்லை, கோட்டாவில் வந்தவர்கள். கடைசியதை வாய்விட்டுச் சொல்வதில்லை, புன்னகையில் சொல்வார்கள்.

இதே பதிலை அமெரிக்காவில் ஒருவர் சோதித்துப் பார்த்தார். யூரி ட்ரைஸ்மன் என்று பெயர். 1970களில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி மாணவர். கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தோற்றார்கள், சீன அமெரிக்க மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். பேராசிரியர்களைக் கேட்டால் ஆர்வமின்மை, வறுமை, மோசமான பள்ளி, அக்கறையில்லாத குடும்பம் என்றார்கள். நம் ஊர்ப் பட்டியல் அப்படியே. அவர் இரண்டு பிரிவிலும் இருபது இருபது மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று நூலகத்துக்கும் விடுதி அறைக்கும் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார்.

அந்தப் பட்டியல் பொய்த்தது. கறுப்பின மாணவர்களில் பலர் பள்ளியில் முன்னிலையில் இருந்தவர்கள். படிக்க வேண்டும் என்ற வெறியோடு வந்தவர்கள். பின்னால் உறுதியாக நின்ற குடும்பங்கள் இருந்தன. ஆனால் அவர்கள் தனியாகப் படித்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, சொன்ன வீட்டுப்பாடத்தையெல்லாம் செய்துவிட்டு, தேர்வில் தோற்று, தன் மூளையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். சீன மாணவர்களும் முதலில் தனியாகத்தான் போட்டார்கள். பிறகு மாலையில் கூடி, ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்த்தார்கள், பழைய கேள்வித்தாளைப் பங்கிட்டார்கள். எல்லோருக்கும் வராத கணக்கு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தால் தன்மேல் சந்தேகம் வராது.

ட்ரைஸ்மன் செய்தது எளிய காரியம். கூடிப் படிக்கும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அதற்குப் ‘பின்தங்கியோர் வகுப்பு’ என்று பெயர் வைக்கவில்லை, திறமையானவர்களுக்கான வகுப்பு என்றே அழைத்தார். எளிய கணக்கைக் கொடுத்துத் தாலாட்டவும் இல்லை. வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து முட்டிமோத விட்டார். அந்தப் பட்டறைக்கு வந்த கறுப்பின மாணவர்களிடையே தோல்வி அரிதாகிப்போனது.

கறுப்பின மாணவருடைய நிலையும் நம் நிலையும் ஒன்றல்ல. ஆனால் தனிமை என்ற அந்த ஒரு சொல்லை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். நம் பிள்ளையின் தனிமை எப்படி உருவாகிறது? வகுப்பில் நன்றாகப் படிக்கும் இன்னொரு மாணவனுக்குச் சித்தப்பா பொறியாளர், அக்கா இதே கல்லூரியில் படித்தவள், அண்ணா நகரில் டியூஷன். பழைய கேள்வித்தாள் அவனுக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எந்தப் பேராசிரியர் எந்த அலகிலிருந்து கேட்பார் என்பது அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசப்படும். அதையெல்லாம் நாம் ‘தகுதி’ என்று அழைக்கிறோம்! நம் பிள்ளைக்குச் சித்தப்பா ஷிப்டில் இருக்கிறார். வகுப்பு முடிந்ததும் பாதிப் பேர் உணவு டெலிவரிக்குப் போகிறார்கள். மாலையில் வகுப்புத் தோழர்கள் கூடும் அறைக்கு இவனை யாரும் கூப்பிடுவதில்லை. தீண்டாமைக்குத் தனிக் குவளை வேண்டும் என்பதில்லை, வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காமல் விட்டாலே போதும்.

இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, மற்ற பிள்ளைகளோடு பழகாமல், பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகு உள்ளே போவாராம். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கதை. இன்றைக்கும் வகுப்பு தொடங்கும் நேரத்துக்குச் சரியாக வந்து, முடிந்ததும் முதலில் கிளம்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஆர்வமில்லாதவன் என்கிறோம்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அரக்கோணம் தடத்து மின்ரயிலில் நகரத்துக் கலைக் கல்லூரிகளுக்குப் போகும் மாணவர்களைப் பற்றி ‘ரூட்டு தல’ என்று தொலைக்காட்சிகள் ஆண்டுதோறும் கத்துகின்றன. அடிதடியை நான் நியாயப்படுத்தவில்லை, அதில் போன உயிர்களும் நம்முடையவைதான். ஆனால் திருநின்றவூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தினமும் ஒரே பெட்டியில் ஏறும் அந்தப் பையன்களுக்குக் கல்லூரி கொடுக்காத ஒன்றை அந்த ரயில் பெட்டி கொடுத்தது. அது கூட்டம். சீனியர், ஜூனியர், விசுவாசம், பாட்டு எல்லாம் அங்கே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பாடப் புத்தகத்துக்கு மட்டும் இடமில்லாமல் போனது யாருடைய குற்றம் என்று எந்தச் செய்தி வாசிப்பாளரும் கேட்டதில்லை.

கல்லூரிகள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 11ஆம், 12ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்குக் ‘குறைதீர் பயிற்சி’ என்று பணம் ஒதுக்கியது. நோக்கம் நல்லதுதான். நான் படித்த இடத்தில், பெயர் வேண்டாம், அது எப்படி நடந்தது தெரியுமா? சாதிப் பிரிவு வாரியாகப் பெயர்ப் பட்டியல் அடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மாலை நாலரை மணிக்கு வகுப்பு. முதல் நாள் பதினெட்டுப் பேர் வந்தார்கள், இரண்டாம் வாரம் மூன்று பேர். வருகைப் பதிவேட்டில் மட்டும் பதினெட்டுப் பேரும் கடைசிவரை வந்தார்கள். மற்றவர்கள் பார்க்க அந்த அறைக்குள் நுழைவது என்பது நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வது. வராத பிள்ளைக்கு இருந்தது திமிர் இல்லை, மானம்.

இதற்கு மாற்று இருக்கிறது. 1973இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகர வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஆபத்தான மாணவர் யார் என்று தேட வேண்டாம், ஆபத்தான பாடம் எது என்று தேடுவோம் என்பது அதன் அடிப்படை. அதிகம் பேர் தோற்கும் பாடத்தைக் கண்டுபிடித்து, அதை முந்தைய ஆண்டு நன்றாக முடித்த மாணவரையே ஊதியம் கொடுத்து நியமித்து, வாரந்தோறும் கூடிப் படிக்க வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். எம்-1 கடினம் என்று பலகையில் எழுதி ஒட்டினால் யாருக்கும் அவமானமில்லை.

பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கென்று தனியாக எதுவும் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. விடுதியில் தனித் தளங்களுக்கு ஒதுங்க வேண்டிய நிலை, செய்முறைத் தேர்வில் பாகுபாடு, ஆசிரியர் நேரம் ஒதுக்காமை எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. சேர்ந்து படி என்று சொன்னால் மட்டும் போதாது, சேரவிடாமல் தடுப்பவனைத் தண்டிக்கவும் வேண்டும். சேலத்திலிருந்து ஐதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் முனைவர் பட்டம் படிக்கப் போன செந்தில்குமாரை நினைத்துப் பாருங்கள். பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து அவ்வளவு தூரம் போனவர். தொடக்கப் பாடங்களில் ஒன்றில் தேறவில்லை, உதவித்தொகை நின்றது. வழிகாட்டிப் பேராசிரியரும் ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் அவரை இழந்தோம். அத்துறையின் நடைமுறைக் குழப்பங்களால் அடிபட்டவர்கள் பட்டியல் சாதி மாணவர்களே என்பதைப் பல்கலைக்கழகம் அமைத்த வினோத் பவராலா குழு கண்டது. ஒரு பாடம், தோழர்களே. ஒரு ஆளின் துணையும் ஒரு பருவ அவகாசமும் கிடைத்திருந்தால் தாண்டியிருக்கக்கூடிய ஒரு பாடம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். நாமும் நம் பிள்ளைகளிடம் தனிமையைத்தான் பெருமையாகச் சொல்லி வளர்க்கிறோம். ‘பாபாசாகேப் ஒற்றை அறையில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து படித்தார், நீ ஏன் படிக்கவில்லை?’ அவர் படித்தது உண்மை. பரேலில் ஒரே அறையில் குடும்பமே வாழ்ந்தபோது அப்படித்தான் படித்தார். ஆனால் படித்துத் திரும்பி வந்த அம்பேத்கர், எல்லோரும் என்னைப் போல விழித்திருங்கள் என்றா சொன்னார்? 1924இல் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் நோக்கங்களைப் பாருங்கள். விடுதிகள், நூலகங்கள், வகுப்புகள், படிப்பு வட்டங்கள் அமைப்பது அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டே சோலாப்பூரில் விடுதி திறந்தது அந்தச் சபை. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியபோது, வேலைக்குப் போகும் ஏழை மாணவருக்காகக் காலை வகுப்புகள் வைத்தார். தான் தனியாகப் பட்ட பாட்டை அடுத்தவன் படக் கூடாது என்பதற்காகக் கட்டடம் கட்டியவர் அவர். நாம் அவர் கட்டிய கட்டடத்தை விட்டுவிட்டு, பட்ட பாட்டை மட்டும் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம்மிடம் இரவுப் பாடசாலை மரபு இருக்கிறது. வடசென்னையிலும் கோலார் தங்கவயலிலும் உழைப்பவர்கள் விளக்கேற்றி நடத்தியவை அவை. இந்தப் படிப்பகமும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் நம் படிப்பகங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்போடு கதவைச் சாத்திவிடுகின்றன. கல்லூரிக்குப் போய்விட்டான், இனி அவன் பாடு என்று நினைக்கிறோம். அவன் பாடு அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே கடந்த இரண்டு பருவமாக நாங்கள் செய்துவருவதைச் சொல்கிறேன். பெரிய அமைப்பெல்லாம் இல்லை. வாரம் இரண்டு நாள், ஐந்தாறு பேர் கொண்ட வட்டங்கள். சொல்லிக்கொடுப்பவர் பேராசிரியர் அல்ல, ஒன்றிரண்டு ஆண்டுக்கு முன் அதே தாளை எழுதித் தேறிய அக்காவோ அண்ணனோதான். எங்கே வழுக்கும் என்று அவர்களுக்குத்தான் நினைவிருக்கிறது. சாக்பீஸ் சொல்லிக்கொடுப்பவர் கையில் இருக்கக் கூடாது, கற்றுக்கொள்பவர்தான் பலகையில் போட வேண்டும். கேட்பது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில். பகுதி வகையிடல் என்றால் பார்ஷியல் டிஃபரன்ஷியேஷன் என்று இரண்டு பெயரும் சுவரில் ஒட்டியிருக்கிறோம், திரும்பிப் பாருங்கள். எத்தனை அரியர் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, என்ன சாதி என்றும் கேட்பதில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து மற்ற சமூகப் பிள்ளைகளும் வருகிறார்கள். காலனிக்குள் இருக்கும் கட்டடத்துக்குக் கணக்குப் படிக்க அவர்கள் வருவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சிக்கல்களும் இருக்கின்றன. பெண் பிள்ளைகள் எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் அவர்களுடைய வட்டம் எப்போதும் பாதியில் நிற்கிறது. அம்மாக்களே, இது உங்களோடு பேசித் தீர்க்க வேண்டியது. பையன்களுக்கு ஒன்பதரை, பெண்ணுக்கு எட்டு என்றால் எம்-1 பாடத்திட்டம் ஒத்துக்கொள்வதில்லை. சொல்லிக்கொடுக்கும் வேலையும் சத்தமில்லாமல் பெண்கள் தலையிலேயே விழுகிறது. ஷிப்டு மாறும் வாரத்தில் பையன்கள் காணாமல் போகிறார்கள்.

சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்குப் பணம் வேண்டும். இதைத் தியாகம் என்று சொல்லி ஏமாற்றக் கூடாது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தது தமிழ்நாடு அரசு. அது போதுமான தொகை இல்லைதான். ஆனாலும் ஒரு கொள்கையை ஒத்துக்கொண்டார்கள். அதையே கல்லூரிக்கும் நீட்டிக்க என்ன தடை? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாணவருக்கு மாதம் ஆயிரம் கொடுப்பதை வரவேற்கிறோம். அந்த மாணவர் பட்டத்தை முடிக்கிறாரா என்பதையும் அரசு பார்க்க வேண்டும். எந்தப் பாடத்தில், எந்தச் சமூகப் பிரிவில், தமிழ்வழி மாணவரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கல்லூரி வாரியாக ஆண்டுதோறும் வெளியிடச் சொல்வோம். எண் வெளியே வந்தால்தான் ‘ஆர்வமில்லை’ என்ற பதில் அடங்கும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. மாணவர்களே சொல்லிக்கொடுத்துக்கொள்கிறார்கள் என்றால் நிர்வாகங்களுக்குக் கொண்டாட்டம். காலிப் பணியிடங்களை நிரப்பாமல், கௌரவ விரிவுரையாளர்களைச் சொற்பச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு, ‘அதான் நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களே’ என்பார்கள். நம் வட்டம் ஆசிரியர் பணியிடத்துக்கு மாற்றாகாது. ஆசிரியரும் வேண்டும், வட்டமும் வேண்டும்.

அடுத்த பருவத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு எம்-1 வட்டம். மதியம் எம்-2, சொல்லிக்கொடுக்க இன்னும் இரண்டு பேர் தேவை, தேறியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். பழைய கேள்வித்தாள் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், ஜெராக்ஸ் எடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம். பெண்கள் வட்டத்துக்கு ஒன்பது மணி வரை நேரம் கேட்டு மூன்று அம்மாக்கள் கூட வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் வாரம் முழுக்கச் சமாளிக்கலாம்.